திரும்பி வருவதே தியானம்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கும்: "பதற்றமாக இருக்கிறதா? மூச்சை நன்றாக இழுத்து விடு." நல்ல அறிவுரைதான். ஆனால், மூச்சுப் பயிற்சியைத் தேர்வு மண்டப வாசலில் விழுங்கும் மாத்திரையாகவே நாம் ஆக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மூச்சுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தூங்கும்போதும் அது தானாக நடக்கிறது. விரும்பினால் அதை நாமே நிதானப்படுத்தவும் முடிகிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. விடும்போது சற்றுத் தணிகிறது. மெதுவாக, நீளமாக மூச்சை விடும்போது உடல் அமைதி அடைய இதுவும் ஒரு காரணம். திருமூலரின் திருமந்திரமும் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்திற்குத் தனி இடம் தந்திருக்கிறது.

எனினும், அமைதி பாதிப் பயன்தான். மீதிப் பாதி விழிப்புணர்வு. அதாவது, என் மனம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று அறிவது. 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் கைப்பேசிவழி அவ்வப்போது இதைக் கேட்டார்கள். செய்யும் வேலையை விட்டு மனம் வேறெங்கோ அலைந்த நேரம் ஏறத்தாழ 47 விழுக்காடு!

"கண்ணை மூடினாலே ஆயிரம் எண்ணம் வருகிறது, எனக்குத் தியானம் வராது" என்று மாணவர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். எண்ணம் வருவது இயல்பு. 'அடடா, மனம் எங்கோ போய்விட்டதே' என்று கண்டுகொள்கிறீர்களே, அந்த நொடிதான் விழிப்புணர்வு. பத்து முறை மனம் ஓடி, பத்து முறையும் மூச்சுக்குத் திரும்பினால் பத்து முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

இதைப் பாடவேளையில் கட்டாயமாக்கிவிட்டால் போதுமா? போதாது. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. வகுப்பில் கற்றுக்கொடுத்த தியானப் பயிற்சி, வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலோர் வகுப்புக்கு வெளியே அதைச் செய்து பார்க்கவே இல்லை. நீச்சலைப் பற்றிக் கேட்டவர் எல்லாரும் நீந்திவிட முடியுமா?

ஆகவே மாணவர்களே, நீங்களே விரும்பித் தொடங்குங்கள். புத்தகத்தைத் திறக்குமுன் ஐந்து நிமிடம் போதும். கைப்பேசியை வேறோர் அறையில் வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, நாசியில் காற்று வந்து போவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் ஒன்று, இரண்டு எனப் பத்துவரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் சலிப்பின்றி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். பல வாரங்களாகத் தூக்கமோ நிம்மதியோ இல்லையென்றால் தியானத்தை மட்டும் நம்பியிராமல், பள்ளி ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ பாருங்கள்.

இதன் பலன் கண்ணை மூடியிருக்கும்போது தெரியாது. ஒரே பத்தியை மூன்றாம் முறை படிக்கிறோம் என்பது உறைக்கும்போதும், கை தானாகக் கைப்பேசியை நோக்கி நீள்வது தெரியும்போதும், கோபத்தில் தட்டச்சு செய்த பதிலை அனுப்புமுன் விரல் ஒரு நொடி நிற்கும்போதும் தெரியும். அந்த ஒரு நொடி கைவசம் இருந்தால், அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்பவர் நீங்களாக இருப்பீர்கள்.