மார்கழியில் நார்வே கப்பலா? மார்ச்சுக்குத் தள்ளுங்கள்!

வெளிநாட்டுப் பிள்ளை, 'அப்பா, அம்மா, நார்வேல வடதுருவ ஒளி பார்த்துட்டு வாங்க' என்று கப்பல் டிக்கெட் போடப் போகிறானா? புதுக்கோட்டையில் மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடுகிறவர்கள்தான் நாம். இருக்கட்டுமே, தாராளமாகப் போங்கள்! டிசம்பர் மட்டும் வேண்டாம் என்பேன். டிராம்ஸோ பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியனே எட்டிப் பார்க்காது. தூக்கமும் சாப்பாட்டு நேரமும் குழம்பினால், சர்க்கரையும் குழம்பும். மார்ச்சில் பகலும் உண்டு, ஒளி தெரியும் வாய்ப்பும் குறையாது. பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை கரையோரக் கப்பலில் போய்வர 12 நாள். நம் வயசுக்கு ஒருவழி 7 நாளே ஜாஸ்தி!

'பணம் கட்டிடுவானே, சொன்னா கவலைப்படுவானே'ன்னு மூச்சிரைப்பையோ நெஞ்சுவலியையோ மறைத்துக்கொண்டு கப்பலேறும் அப்பாக்கள் உண்டு. நடுக்கடலில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது? டிக்கெட் போடுமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள். கப்பலில் டெக்குக்குப் போனால் கோட்டின் உள்பையில். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் உதவாது. சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு விரல் விறைப்பதே தெரியாது. அறைக்குத் திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். வெந்நீரில் மட்டும் முக்கிவிடாதீர்கள், சூடும் தெரியாது! குமட்டலுக்கு மாத்திரையா? பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்குச் சிலவகை மாத்திரை சிறுநீரையே அடைத்துவிடும். டாக்டரிடம் போகும்போது அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.