அமெரிக்காவில் கணினிப் படிப்பு: காலனிப் பிள்ளைகள் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், அவிநாசி சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் விளம்பரத் தட்டிகள் கண்ணில் படுகின்றன. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்பு, உடனே சேருங்கள், கடன் வசதி உண்டு என்கின்றன அவை. அதே வாசகம் துண்டு நோட்டீசாக அன்னூர், சூலூர், காரமடை பக்கத்துக் காலனிகளுக்கும் வந்து சேர்கிறது. பனியன் கம்பெனியிலும் தறிக் குடோனிலும் தோட்டத்து வேலையிலும் உடம்பைத் தேய்த்த பெற்றோர், 'நம்ம புள்ளைக்கும் இது ஆகுமா?' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். 'உங்களுக்கெல்லாம் அமெரிக்கா கேட்குதா?' என்று கேலி பேசும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு நம்மிடம் நூறாண்டுப் பழைய பதில் இருக்கிறது. 1913-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1915-ல் அங்கே எம்.ஏ. முடித்தார். நம் சமூகத்தின் வெளிநாட்டுப் படிப்பு வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் அந்த வரலாற்றிலேயே ஒரு கணக்கும் இருக்கிறது. அண்ணல் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். இந்தியாவில் பி.ஏ. முடித்துவிட்டு, மேற்படிப்புக்குப் போனார். யார் பணம் கொடுப்பது, எந்தப் படிப்புக்குக் கொடுப்பது என்ற இந்த இரண்டு கேள்விகளையும் நம் பிள்ளைகள் இன்றும் முதலில் கேட்க வேண்டும்.

பணம் எவ்வளவு?

அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் சற்றுக் குறையலாம். ஆனால் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளியாருக்குப் பல மடங்கு கட்டணம். படிக்கும்போதே வேலை செய்து கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசாவுக்கான ஐ-20 படிவமே கிடைக்கும்.

வங்கிக் கடன் என்கிறார்கள். அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் பிணையில்லாமல் கிடைப்பது 7.5 லட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் சொத்து கேட்கிறார்கள். நம்மிடம் என்ன சொத்து இருக்கிறது? 1892-க்குப் பிறகு நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த கதை. மிச்சம் இருப்பது காலனியில் இரண்டு சென்ட் வீட்டுமனை. அதுவும் பல இடங்களில் நிபந்தனைப் பட்டா. அதையும் கந்துக்காரரிடம் அடகு வைத்து ஒரு பிள்ளையை அனுப்பினால், திரும்பி வரும்போது வீடு இருக்காது.

ஏஜென்ட் காட்டும் பல்கலைக்கழகம் உண்மையானதா என்பதும் பார்க்க வேண்டியது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. அது அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளே பொறியாக வைத்து நடத்திய போலி. 2019 ஜனவரியில் அது வெளியானபோது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். அங்கே வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

கடனில்லாமல் போகும் வழி

வழியே இல்லை என்று சொல்லவில்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரையும் வருமானம் பாராமல் தேர்வு செய்கின்றன. சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் கல்லூரியே ஏற்கிறது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு இது பெரும்பாலும் இலவசப் படிப்பு. ஆனால் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. 2021-ல் ஈரோடு மாவட்டக் கிராமத்து விவசாயி மகள் ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையுடன் இளநிலைப் படிப்புக்குத் தேர்வானார். 2022-ல் பாட்னா பக்கத்துத் தலித் கூலித் தொழிலாளியின் மகன் அமெரிக்காவின் லஃபாயத் கல்லூரிக்கு முழு உதவியுடன் தேர்வானார். இருவருக்கும் பள்ளிப் பருவத்திலேயே வழிகாட்டி, விண்ணப்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள்.

அந்த முறை நம் பள்ளிகளில் யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். விண்ணப்பக் கடைசி நாள் நவம்பர் தொடக்கத்திலோ ஜனவரி தொடக்கத்திலோ வருகிறது. அதாவது பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே. மே மாதம் மதிப்பெண் வந்த பிறகு யோசித்தால் அந்த ஆண்டு போயே போச்சு. எம்.ஐ.டி., ஹார்வர்டு, டார்ட்மவுத் ஆகியவை எஸ்.ஏ.டி. தேர்வை மறுபடியும் கட்டாயமாக்கிவிட்டன. ஆங்கிலத் தேர்வு, ஆசிரியர் பரிந்துரைக் கடிதம், கட்டுரை, பெற்றோரின் வருமான விவரப் படிவம் எல்லாம் வேண்டும். ஆகவே பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணத்துக்கு ஏழை மாணவர் விலக்குக் கேட்கலாம். அது பிச்சையல்ல, நடைமுறை.

இன்னொன்று. அமெரிக்காவில் பல கல்லூரிகளில் சேர்ந்த பிறகு பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கணினி அறிவியலுக்கு எல்லா இடத்திலும் அப்படியில்லை. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், இல்லினாய் அர்பானா-சாம்பெய்ன் போன்ற இடங்களில் வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டு இதற்கு மாறுவது மிகக் கடினம். 'முதலில் எதிலாவது சேர், அப்புறம் மாறிக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்பக் கூடாது.

அரசின் பணம் எங்கே இருக்கிறது?

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. எட்டு லட்சம் ரூபாய்க்குள் குடும்ப வருமானம் இருக்க வேண்டும். இது முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும், இளநிலைக்குக் கிடையாது. அதுவும் 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் தந்தார்கள். மற்றவர்களுக்கு நிதி ஒப்புதல் வரட்டும் என்றார்கள். கூலிக்காரர் பிள்ளையை வெளிநாட்டு வாசலில் நிறுத்திவிட்டு நிதி பார்ப்பது என்ன நியாயம்?

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதுவும் முதுநிலை, முனைவர் பட்டத்துக்குத்தான்.

ஆகவே இன்றைய நிலையில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாம் சொல்வது இதுதான்: இளநிலையை இங்கே நன்றாகப் படி, முதுநிலைக்கு அரசுப் பணத்தில் அமெரிக்கா போ. அண்ணல் போன வழியும் அதுவே. முழு உதவித்தொகை உறுதியானால் மட்டும் பிளஸ் டூ முடித்ததும் போ. அரைகுறை உதவித்தொகையைக் காட்டி மீதிக்குக் கடன் வாங்கச் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

இங்கே எப்படித் தேர்ந்தெடுப்பது?

பொறியியல் கலந்தாய்வில் பட்டியலினத்துக்கு 18 சதவீதம். அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3 சதவீதம். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. மாதாரி, பகடை, தோட்டி, மாதிகா, ஆதி ஆந்திரர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சான்றிதழில் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

கலந்தாய்வை விட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை கிடையாது. இதைச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் கட்டணம் கேட்டு ஹால் டிக்கெட்டை நிறுத்துவது பல இடங்களில் நடக்கிறது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கோவை வளாகம், ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் முதலில் போடுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே கட்டடத்துக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் வேறு வேறு. எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று பிரிவுகளின் பெயர் ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. பெயரைப் பார்த்து மயங்காமல் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். கணிதம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயங்குதளம், வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியவற்றை உருப்படியாக நடத்துகிறார்களா? நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? ஆய்வகம் மாலையில் திறந்திருக்குமா? போன ஆண்டு படித்த காலனிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். இந்தக் கேள்விகள் கோவைக்கும் பொருந்தும், கலிபோர்னியாவுக்கும் பொருந்தும்.

பொறியியல் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ கணிதமோ படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி. 2021-ல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் சேரலாம். பட்டியலின மாணவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. இந்தப் பாடம் நமக்குப் பிடிக்குமா என்று தெரியாதவர்கள், ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடத்தை இணையத்தில் காசில்லாமல் நான்கு வாரம் படித்துப் பாருங்கள். தெரிந்துவிடும்.

சாதி விமானம் ஏறாதா?

கொங்கு மண்ணில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது நமக்கு உயிர்க் கணக்கும்கூட. ஓமலூர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டில் பொறியியல் படித்து முடித்தவர். வேற்றுச் சாதிப் பெண்ணோடு பேசியதற்காக 2015 ஜூனில் கொல்லப்பட்டார். உடுமலை சங்கர் பொள்ளாச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். வேற்றுச் சாதிப் பெண்ணை மணந்ததற்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிவிட்டால் உயிராவது மிஞ்சும் என்று ஒரு தாய் நினைத்தால், அந்த நினைப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அங்கேயும் சாதி போயிருக்கிறது. ஒரு தலித் பொறியாளரை ஆதிக்கச் சாதி மேலாளர்கள் இருவர் பாகுபடுத்தினார்கள் என்று 2020-ல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. 2023-ல் அந்த இருவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித் தடை மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் மறுத்தார். ஆனால் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022-லும் தங்கள் விதிகளில் சாதியைச் சேர்த்துவிட்டன. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பாகுபாட்டுக்கு எதிரான விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் பிள்ளைகளின் வேலை. வேறு யாரும் நமக்காகப் பார்க்க மாட்டார்கள்.

நம் கோரிக்கை

தமிழ்நாடு அரசிடம் மூன்றைக் கேட்கிறோம். ஒன்று, உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இளநிலை இடம் பெறும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்கும் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தை விரிவாக்க வேண்டும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும், செலவும் தாங்கக்கூடியதே. இரண்டு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பிளஸ் ஒன் முதல் எஸ்.ஏ.டி., ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பப் பயிற்சியைத் தாட்கோ நடத்த வேண்டும். மூன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வெளிநாட்டுக் கல்விக்கு ஒரு தகவல் மேசை வேண்டும். ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகம் உண்மையா, போலியா என்று ஒரு தகப்பன் போய்க் கேட்க ஓர் இடம்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஏற்கெனவே படித்து வேலையில் இருக்கும் நம் காலனித் தம்பி தங்கைகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுக்கலாம். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளே, இந்த வாரமே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். கோவையோ கொலம்பியாவோ, எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது காகிதங்களைத்தான்.