பக்கத்துக் கடையும் நம் கடையே!

வணிகப் பெருமக்களே! வாடிக்கையாளர் கேட்ட சரக்கு நம்மிடம் இல்லாவிட்டால் என்ன செய்கிறோம்? "நாளைக்கு வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பி வைக்கிறோம். பக்கத்துக் கடையில் இருப்பது தெரிந்தும் வாய் திறப்பதில்லை. இது சரிதானா என்று சிந்திக்க, ஜப்பானிய வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றைப் பார்ப்போம்.

கியூஷு தீவில், குமாமோட்டோ பகுதியின் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது குரோகவா. சுமார் 30 விடுதிகள் கொண்ட சிற்றூர். 1964ல் மலைச்சாலை திறந்ததும் கூட்டம் வந்தது. பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. அப்போதும் ஒரு விடுதியில் மட்டும் கூட்டம் குறையவில்லை. அதன் உரிமையாளர் கோதோ தெட்சுயா, உளியும் சுத்தியலும் கொண்டு சுமார் மூன்றரை ஆண்டு பாறையைக் குடைந்து குகைக் குளியலறை அமைத்தவர். அவர் தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கவில்லை. திறந்தவெளிக் குளியல் தொட்டி அமைக்க மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

இரண்டு விடுதிகளுக்கு மட்டும் அதற்கு இடமில்லை. அவர்களைக் கைவிடுவதா? 1986ல் விடுதிச் சங்கம் வழி கண்டது. உள்ளூர் மரத்தில் செய்த வட்ட வில்லை ஒன்றை விற்றது. அதை வாங்கியவர் விரும்பிய மூன்று விடுதிகளில் குளிக்கலாம். ஒரு நாள் பயணமாக வருபவரும் ஆற்றோரமாக விடுதி விடுதியாக நடக்கிறார். நடக்கும் தெருவில்தானே கடைகள் இருக்கின்றன!

வில்லை விற்ற பணத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு. அதில் மரம் நட்டார்கள். தனித்தனி விளம்பரப் பலகைகளை அகற்றிப் பொதுப் பலகை வைத்தார்கள். ஊர் முழுவதும் ஒரே விடுதி, தெருக்கள் அதன் நடைகூடம், விடுதிகள் அதன் அறைகள் என்பதே அவர்கள் கொள்கை.

"நம் வாடிக்கையாளரைப் போட்டியாளரிடம் அனுப்புவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊருக்கே வராதவர் எந்தக் கடைக்கு வருவார்?

பொதுப் பெயருக்குப் பொதுப் பொறுப்பும் உண்டு. 2003ல் அங்கிருந்த ஒரு விடுதி, தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு அறை தர மறுத்தது. நாடே கண்டித்தது, அடுத்த ஆண்டே அந்த விடுதி மூடப்பட்டது. செய்தது ஒரு விடுதி. செய்தியில் அடிபட்டதோ ஊர்ப் பெயர். எடையில் ஒருவர் தவறு செய்தால் கடைவீதிக்கே கெட்ட பெயர் வருவது நாம் அறியாததா?

இன்று பேரங்காடிகளும் கைபேசி வழி வியாபாரமும் நம் வாடிக்கையாளரை வீதிக்கே வரவிடாமல் இழுக்கின்றன. சந்தா கட்டுவதோடு சங்கக் கடமை முடிந்துவிடாது. நம்மிடம் இல்லாத சரக்குக்குப் பக்கத்துக் கடையைக் கைகாட்டுவோம். நடைபாதையை மறைக்கும் தட்டிகளை எடுத்துவிட்டு, வீதி முனையில் எல்லாக் கடைப் பெயர்களும் கொண்ட ஒரே பலகை வைப்போம். முதல் தட்டியை யார் எடுப்பது என்று காத்திருக்க வேண்டாம். சங்க நிர்வாகிகளாகிய நம் கடைகளிலிருந்தே தொடங்குவோம்!