தலையெழுத்தும் மரபணுவும்

தெற்காசிய மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம், இதயத்தசையை நலிவிக்கவல்ல மரபணுக் குறையொன்று உண்டென 2009 ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். இலங்கையரும் அவருள் அடங்குவர். அக்குறையுடையார் யாவரும் நோயுறுவாரல்லர். ஆயினும் கண்டியிலும் அயலிலுள்ள தோட்டங்களிலும், 'பரம்பரை நோய்' என்ற சொல் செவியில் விழுந்ததும் நம்மவர் அதனைத் தலையெழுத்தென்றே கொள்ளக் காண்கிறேன். பெண்ணுக்கு வரன் தேடும் இல்லத்திலோ அது மறைக்கத்தக்க பொருளாகிவிடுகின்றது. மருத்துவர் 'நோய் வரும் வாய்ப்பு' என்கிறார். வாய்ப்பென்பது நமக்கு நற்பேறன்றோ! 'வரும்' என்பதற்கும் 'வரக்கூடும்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை ஐந்தாம் வகுப்பு மாணவனும் அறிவான். நோயாளிக்கு அதனை விளக்குவார் அரியர். பேராதனையில் ஆங்கிலத்தில் மருத்துவம் பயிலும் தமிழ் மாணவர்க்கு என் வேண்டுகோள் இதுவே: சோதனைக்குக் குருதி எடுக்குமுன்னரே அவ்விரு சொற்களையும் பிரித்துரையுங்கள், உடன்பிறந்தாரும் பரிசோதிக்கப்படவேண்டியது ஏன் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.