அண்ணாச்சி, வண்டி எவ்வளவு கொடுக்கும்?

எங்கள் சிவகிரியில் யார் வீட்டு வாசலில் புது வண்டி வந்து நின்றாலும், விலையை விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "அண்ணாச்சி, எவ்வளவு கொடுக்கும்?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் கேள்வி. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் என் அக்கா மகன் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் கார் பந்தய விளையாட்டு விளையாடிக் கொண்டிருந்தான். மானிட்டரில் சீறிக் கொண்டிருந்தது போர்டு மஸ்டாங். சாதாரணக் காரில் மிகப் பெரிய இன்ஜினைப் பொருத்தி வேகத்துக்காகவே தயாரிக்கும் இந்த வகைக் கார்களை அமெரிக்காவில் 'மசில் கார்' என்கிறார்கள். எலுமிச்சை வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "இது எவ்வளவு கொடுக்கும், தம்பி?" என்று கேட்டார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்கென்னவோ அது சிரிக்கக் கூடிய கேள்வியாகத் தெரியவில்லை. அதற்கான பதிலில், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது.

பாதி சக்தியும் இரு மடங்கு சக்தியும்

1964-ல் வெளியான பாண்டியாக் ஜி.டி.ஓ. காரைத்தான் மசில் கார்களின் முன்னோடி என்பார்கள். அதன் இன்ஜின் 6.4 லிட்டர். அன்று அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. மைலேஜ் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதும் நிலைமை மாறியது. கார்கள் சராசரியாக இவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்று 1975-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டது. புகைக் கட்டுப்பாடும் சேர்ந்து கொண்டது.

அப்போது கார் கம்பெனிகளுக்குத் தெரிந்த எளிய வழி, இன்ஜினின் சக்தியைக் குறைப்பதுதான். 1975-ல் வந்த செவர்லே கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் 5.7 லிட்டர் இன்ஜின் கொடுத்தது வெறும் 165 குதிரைத் திறன்.

இனி 2011 மாடல் மஸ்டாங்கைப் பாருங்கள். இன்ஜின் 3.7 லிட்டர்தான். ஆனால் சக்தி 305 குதிரைத் திறன். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார், நகரத்தில் கேலனுக்கு 19 மைல், நெடுஞ்சாலையில் 31 மைல் ஓடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சான்று கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 8 கிலோமீட்டரும் 13 கிலோமீட்டரும் ஆகிறது.

சின்ன இன்ஜின், கூடுதல் சக்தி, நல்ல மைலேஜ். இது எப்படி முடிந்தது? ஆறு கியர்கள், மேம்பட்ட வால்வுகள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து இயக்குவது காருக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்.

இன்ஜினுக்கும் ஒரு சிபியு

உங்கள் கம்ப்யூட்டரில் கீபோர்டு வழியாகத் தகவல் போகிறது. சிபியு கணக்கிடுகிறது. மானிட்டரில் விடை வருகிறது. காரிலும் இதே கதைதான். கீபோர்டுக்குப் பதிலாக சென்சார்கள். உள்ளே எவ்வளவு காற்று போகிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்ரோலை எத்தனை மில்லி செகண்ட் பீய்ச்சலாம் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். எட்டு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு 5 மில்லி செகண்டுக்கும் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. அதற்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

வேகம் போதாவிட்டால் என்ன ஆகும்? 1981-ல் காடிலாக் கம்பெனி ஒரு புதுமை செய்தது. நிதானமாக ஓடும்போது எட்டு சிலிண்டர் எதற்கு? தேவைக்கேற்ப ஆறாகவோ நான்காகவோ குறைத்துக்கொள்ளும் இன்ஜினைக் கொண்டு வந்தார்கள். அருமையான யோசனை. ஆனால் அன்றைய கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வண்டி குலுங்கியது, திணறியது. பல பேர் ஒயரைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். ஒரே வருடத்தில் பெரும்பாலான மாடல்களில் அது கைவிடப்பட்டது.

அதே யோசனை 2004-ல் கிறைஸ்லர் கம்பெனியின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினில் திரும்பி வந்தது. பிறகு டாட்ஜ் சேலஞ்சர் போன்ற மசில் கார்களிலும் வெற்றிகரமாக ஓடியது. யோசனை பழையதுதான். கம்ப்யூட்டர்தான் புதியது.

நம் ஊர் மசில் வண்டி

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். நம்மிடமும் ஒரு மசில் வண்டி இருக்கிறது. 1955 முதல் சென்னையோடு சம்பந்தப்பட்ட புல்லட்! மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டு, கார்ப்பரேட்டர் திருகை அரைச் சுற்று திருப்பி 'டியூன்' செய்வதைப் பார்த்திருப்பீர்கள். 2009-ல் வந்த கிளாசிக் 500-ல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் முறை இருந்தது. 1.4.2020 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடு முழுவதும் வந்த பிறகு, விற்பனையாகும் பெரும்பாலான பெட்ரோல் பைக்குகளில் அந்தத் திருகின் வேலையைச் சின்னக் கம்ப்யூட்டரே பார்க்கிறது.

ஆனால் நம் பழக்கம் மாறவில்லை. ஆரியங்காவு மலைப்பாதையில் செங்கோட்டைப் பக்கம் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின் உள்ள காரில் கியரைப் போட்டபடி ஆக்சிலரேட்டரை விட்டால், கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்க பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். மிச்சமும் இல்லை, பிரேக்குக்கும் ஆபத்து.

மைலேஜ் என்ற ஏமாற்று எண்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 8 கொடுத்த கார் 10 கொடுத்தால் 125 லிட்டருக்குப் பதில் 100 லிட்டர் போதும். மிச்சம் 25 லிட்டர். லிட்டருக்கு 50 கொடுத்த பைக் 60 கொடுத்தால்? 20 லிட்டர் 16.7 ஆகும். மிச்சம் 3.3 லிட்டர்தான். இரண்டு கிலோமீட்டர் கூடிய கார், பத்து கிலோமீட்டர் கூடிய பைக்கைவிட ஏழு மடங்குக்கும் மேல் மிச்சப்படுத்துகிறது!

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2013 மாடல் முதல் அமெரிக்கக் கார்களின் ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்றும் அச்சிடுகிறார்கள். நம் விளம்பரங்களிலும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று போட வேண்டும் என்பது என் கருத்து.

அதற்காக மசில் கார் சிக்கனமான வண்டி என்று சொல்ல வரவில்லை. 707 குதிரைத் திறன் கொண்ட 2015 சேலஞ்சர் ஹெல்கேட், நகரத்தில் லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர்தான். காலை அழுத்தினால் எந்தக் கம்ப்யூட்டரும் காப்பாற்றாது.

அண்ணாச்சி வாங்கிய காந்தம்

எங்கள் அண்ணாச்சியிடம் பழைய பெட்ரோல் வேன் ஒன்று இருக்கிறது. புளியங்குடி மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகும் வண்டி. பெட்ரோல் குழாயில் மாட்டினால் மைலேஜ் 20 சதவீதம் கூடும் என்று ஒருவர் ஒரு காந்தத்தை அவரிடம் 3000 ரூபாய்க்கு விற்றுவிட்டார். "கூடின மாதிரிதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

மாதிரி என்பது கணக்கு ஆகாது. ஐந்து முறை காந்தத்தோடும், ஐந்து முறை காந்தம் இல்லாமலும் டேங்க்கை நிரப்பிக் குறித்து வைக்கச் சொன்னேன். என் அக்கா மகன் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். காந்தம் இல்லாமல் 13.8. காந்தத்தோடு 13.6. அண்ணாச்சி சற்று நேரம் மானிட்டரையே பார்த்துக் கொண்டிருந்தார். "மூவாயிரம் ரூபா, தம்பி" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் மூட்டை ஏற்றி மிஞ்சுகிற பணம் அது.

மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது.

நீங்களும் செய்யலாம்

எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் கிலோமீட்டர், மூன்றாவதில் லிட்டர். ஒவ்வொரு முறையும் டேங்க்கை முழுதாக நிரப்பிய பிறகே குறியுங்கள். முடிந்தவரை ஒரே பங்க்கில் நிரப்புங்கள். நான்காவது பத்தியில், இந்தக் கிலோமீட்டரிலிருந்து போன முறைக் கிலோமீட்டரைக் கழித்து, இந்த முறை போட்ட லிட்டரால் வகுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை பார்முலாவை அடித்துவிட்டால் மற்ற வரிகளுக்கு மவுஸால் இழுத்துவிடலாம். ஒரு முறை வரும் விடையை நம்பாதீர்கள். ஐந்து முறையின் சராசரியைப் பாருங்கள். எண் திடீரென்று இறங்கினால் டயரில் காற்று, ஏர் பில்டர், பிரேக் இறுக்கம் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

"கம்ப்யூட்டர் வாங்கி என்ன பிரயோஜனம்? பையன் விளையாடுகிறான்" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர்கள் எங்கள் ஊரில் நிறைய. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் விடாமல் அளந்துகொண்டே இருப்பதால்தான் மைலேஜ் கிடைக்கிறது. மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அளப்பதற்கு ஏதாவது கொடுங்கள். பெட்ரோல் பில்லிலிருந்து தொடங்கலாம்.

அண்ணாச்சி இப்போது எலுமிச்சைக் கணக்கையும் அதிலேயே ஏற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.