பறங்கி வேறு, போர்ச்சுகல் பாட்டாளி வேறு

கோடியக்கரையில் படகுகள் கரை சேர்ந்ததும் எழும் குரல் என்ன? "ஏலம்!" இரவெல்லாம் அலையோடு போராடிப் பிடித்த மீனுக்கு விலை சொல்கிறவன் வலை இழுத்தவனல்ல, கரையில் நிற்கும் வியாபாரி. ஏலம் என்ற அந்தச் சொல்லே போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்ததுதான். ஜன்னலும் மேஜையும் சாவியும் மேஸ்திரியும் அதே கப்பலில் வந்த சொற்களே.

இதைக் காட்டி ஒரு கூட்டம் துதி பாடுகிறது. "பறங்கி வந்தான், நாகரிகம் வந்தது. 1578ல் கொல்லத்தில் தமிழை அச்சேற்றினான். மிளகாய் தந்தான், அன்னாசி தந்தான்" என்கிறது. அச்சு வந்தது மெய், மறுக்கவில்லை. ஆனால் மிளகாயும் அன்னாசியும் லிஸ்பன் நகரில் விளைந்தவையா? அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டவை அவை. அவர்கள் நிலத்தைப் பறித்தவனுக்கு வள்ளல் பட்டமா?

அதே கப்பலில் பீரங்கியும் வந்தது. 1510ல் கோவா பறிபோயிற்று. எங்கள் சீட்டில்லாமல் கடலில் கப்பல் ஓடக்கூடாது என்று கடலையே தன் பட்டாவாக்கிக் கொண்டான் பறங்கி. கோடியக்கரைக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணம் 1619ல் வீழ்ந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுப்பிய படையும் தோற்றது. 1621ல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு போகப்பட்டு, மரண தண்டனைக்கு ஆளானான். இதுதான் அந்த நாகரிகத்தின் மறுபக்கம்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது இந்தச் சரித்திரத்தையே விஷமாக்குகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன் கோயில் இடிந்ததற்கு, இன்று வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றும் ஏழை மீனவனைக் கணக்குக் கேட்கிறது. "நீ பறங்கியின் மிச்சம்" என்கிறது.

இவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம்: திரிஸ்தாவோ பிரகான்சா குன்ஹா. கோவாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1928ல் கோவா காங்கிரஸ் கமிட்டியை நிறுவியவர். 1946ல் பறங்கி அரசு அவரைக் கைது செய்து, ராணுவக் கோர்ட்டில் நிறுத்தி, கடல் கடத்திப் போர்ச்சுகலின் பெனிஷ் கோட்டையில் அடைத்தது. அவர் சிலுவையைப் பார்த்தா சிறைக்கதவு திறந்தது?

அந்தக் கோட்டையில் வேறு யார் அடைபட்டிருந்தார்கள்? போர்ச்சுகலின் சொந்த மக்கள்! சர்வாதிகாரி சலாஸாரை எதிர்த்த கம்யூனிஸ்டுகள், தொழிலாளிகள். கம்யூனிஸ்ட் தலைவர் ஆல்வாரோ குன்யால் 1960 ஜனவரி 3ந் தேதி அங்கிருந்துதான் தோழர்களோடு தப்பினார். கோவா விடுதலை வீரனுக்கும் போர்ச்சுகல் பாட்டாளிக்கும் ஒரே சிறை, ஒரே எதிரி!

போர்ச்சுகலின் அலென்டேஜோ பிரதேசம் தஞ்சையைப் போலவே பெரும் பண்ணைகளின் பூமி. 1954 மே 19ந் தேதி பலெய்சாவோ கிராமத்தில் கோதுமை அறுப்புப் பெண்கள் கூலி உயர்வு கேட்டார்கள். முன்னால் நின்றவள் கத்தரினா யூஃபேமியா; வயது 26, மூன்று குழந்தைகளின் தாய். போலீஸ் படை அதிகாரி அவளைச் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டு, 1955 ஆகஸ்ட் 15ந் தேதி, கோவா எல்லையில் வெறுங்கையோடு நுழைந்த சத்தியாக்கிரகிகள் இருபது பேருக்கு மேல் அதே சலாஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

கூலி கேட்டவளுக்குக் குண்டு! நமக்குப் புதிய கதையா இது? 1968 டிசம்பர் 25ந் தேதி கீழ்வெண்மணியில் கூலி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தியது எந்தப் பறங்கி? தமிழ் பேசிய பண்ணையார்களும் அடியாட்களும் அல்லவா! சாணிப்பாலும் சவுக்கடியும் லிஸ்பனிலிருந்து இறக்குமதியானவையா?

செங்கொடியின் கீழ் திரண்டுதான் தஞ்சை உழைப்பாளி சவுக்கடிக்கு முடிவு கட்டினான். அலென்டேஜோ உழைப்பாளியும், உதயம் முதல் அஸ்தமனம் வரை முதுகொடிந்த வேலையை 1962ல் போராடி எட்டு மணி நேரமாக்கினான். 1961 டிசம்பர் 19ந் தேதி கோவா விடுதலை பெற்றது. அங்கோலாவும் கினியாவும் மொசாம்பிக்கும் ஆயுதம் ஏந்தின. அந்த அடிகளில் ஆடிப்போன சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25ந் தேதி லிஸ்பனிலேயே கவிழ்ந்தது. சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் ஜனங்கள் சிவப்புப் பூச்செருகினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கோவா இந்தியாவுடையது என்று புதிய போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது.

ஆகவே தோழர்களே, பறங்கியைத் துதிக்கவும் வேண்டாம். பறங்கியின் பெயரால் பக்கத்து வீட்டானைப் பகைக்கவும் வேண்டாம். கோடியக்கரையில் ஏலம் என்ற சொல் அந்நியருடையது; ஏலத்தில் மீனவனின் உழைப்பை அடிமாட்டு விலைக்கு அள்ளுகிறவன் உள்ளூர்க்காரன். சொல் வந்த திசையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பணம் போகும் திசையைப் பாருங்கள்!