வாவிக்கரை வாழ வழி காண்போம்!

கிதுல்கல என்னும் மலையடிச் சிற்றூரை உலகம் அறிந்தது ஒரு திரைப்படத்தால். 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் அங்கே களனி கங்கைக் கரையில் எடுத்தார். படத்துக்காகக் கட்டிய பாலம் படத்துக்காகவே தகர்க்கப்பட்டது. ஆயினும், அது நின்ற இடத்தைக் காண இன்றும் மக்கள் செல்கின்றனர்.

அந்தப் படப்பிடிப்பைக் கண்ட பள்ளிச் சிறுவருள் ஒருவர், மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா. தம் கலை வேட்கை அங்கேதான் முளைத்ததென்று அவரே கூறியுள்ளார். ஆனால், அவ்வேட்கை பயிரானது பூனாவிலும் சென்னையிலும்! ஈழத்துப் போரைக் கூறிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படமும் இந்திய மண்ணிலேயே எடுக்கப்பட்டது. அன்று போர் தடுத்தது. போர் 2009 இல் முடிந்த பின்னரும் தடுப்பது எது? நமது அசட்டையன்றி வேறென்ன?

ஏறாவூர்ப் பகுதிக்கு என்ன குறை? வாவியுண்டு, வட்டையுண்டு, கூத்துக் களரியுண்டு, சற்று வடக்கே பாசிக்குடாக் கடலுமுண்டு. படக்குழு வந்தால் தங்குமிடம், உணவு, வண்டி, தோணி, தச்சு வேலை என ஊராருக்குக் கூலி கிடைக்கும்.

"வேளாண்மை மிதிபடுமே!" என்று விவசாயி அஞ்சுவது நியாயம். அவ்வச்சத்தைப் போக்காமல் எவரையும் அழைத்தலாகாது. ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று:

ஒன்று: தை, மாசி அறுவடை நாட்களில் நிலத்துக்குடையவர் இசைவின்றி எவரும் வயலில் இறங்கலாகாது. இழப்பீட்டுக்கான பணத்தை முன்னரே கட்டிவைக்க வேண்டும். மீனவரின் தொழில் நாட்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

இரண்டு: ஒப்பந்தம் எழுத்தில், தமிழில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை மன்றில் நிரூபிப்பது எளிதன்று. தன்மொழியிற் படித்துணராத பத்திரத்தில் ஏழை ஒப்பமிடலும் ஆகாது.

மூன்று: ஏறாவூர் நகர சபையும் செங்கலடியிலுள்ள ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையும் கூடி ஒரே குழு அமைத்து, அனுமதியும் கட்டணமும் அக்குழுவின் வழியே நடைபெறச் செய்ய வேண்டும். கணக்கு ஊரறிய வெளியிடப்பட வேண்டும்.

இம்மூன்றனுள் இறுதியானதே தலையாயது. 1990 இல் இவ்வட்டாரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் சிந்திய இரத்தத்தை எவரும் மறந்திலர். ஒரு சமூகத்தார் கூலி பெற, மறு சமூகத்தார் வேலியோரம் நின்று பார்க்கும் நிலை வருமாயின், வந்த வாய்ப்பே பகைக்கு வித்தாகும். இரு சாராரும் ஒரே மேசையிலிருந்து ஒரே கணக்கைப் பார்ப்பார்களாயின், படம் ஓடினாலென்ன, ஓடாவிட்டாலென்ன? ஊர் வென்றதாகும்.

வழக்கறிஞர்கள் ஒப்பந்த நகலை வரையட்டும். ஆசிரியர்கள் காட்சிக்குரிய இடங்களைத் தொகுக்கட்டும். விவசாயிகள் தம் நிபந்தனைகளைக் கூறட்டும். விருந்தினர் வருமுன் வீட்டை ஒழுங்கு செய்வதே தமிழர் பண்பு. சபைகள் இரண்டும் கூடும் நாளை அறிவிக்கட்டும்!